டயல்-அப் இணைப்பில் கடவுச்சொல் ஏற்கப்படாதபோது: பிழை எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிக்கும் முறை

தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் கொண்டு இணையத்தை அழைக்கும் வழக்கம் பெருமளவு மறைந்துவிட்டது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம்கூடத் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. ஆனாலும் வேறு கம்பி எட்டாத இடங்களில் இருப்பவர்களும், பழைய விண்டோஸ் 98, எக்ஸ்பி கணினிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும், லினக்ஸ் கணினி ஒன்றை வீட்டிலேயே அழைப்பு ஏற்கும் வழங்கியாக அமைத்துப் பார்ப்பவர்களும் அதே பழைய இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்ப்பதாகத் திரை சொல்கிறது. சிறிது நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு இணைப்பு அறுந்துவிடுகிறது.

அந்த வாசகத்தை அப்படியே நம்பிவிட்டுக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மோடம் இரண்டும் கைகோத்த கணத்திலிருந்து முகவரி கிடைக்கும் வரை நடக்கும் பல வேலைகளுக்கும் விண்டோஸ் ஏறக்குறைய அந்த ஒரே வாசகத்தைத்தான் காட்டுகிறது. கடவுச்சொல் வழங்கிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே இணைப்பு செத்திருக்கலாம். கடவுச்சொல் ஏற்கப்பட்ட பின்பும் செத்திருக்கலாம். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னால் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

மூன்று கட்டங்கள்

டயல்-அப் இணைப்புகள் பயன்படுத்தும் பிபிபி நெறிமுறை 1994ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 1661 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அதன்படி இரு கணினிகளும் முதலில் எல்சிபி என்னும் பேச்சுவார்த்தையில், எவ்வளவு பெரிய பொட்டலங்களை அனுப்புவது, எந்த முறையில் அடையாளத்தைச் சரிபார்ப்பது என்பனவற்றை முடிவு செய்கின்றன. அதில் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் இரண்டாம் கட்டமான அடையாளச் சரிபார்ப்பு தொடங்குகிறது. அதுவும் முடிந்த பின்னர் ஐபிசிபி என்னும் மூன்றாம் கட்டத்தில் உங்கள் கணினிக்கு ஐபி முகவரி வழங்கப்படுகிறது.

விண்டோஸ் காட்டும் பிழை எண்ணை இந்த மூன்று கட்டங்களோடு பொருத்திப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 676, 678, 680 ஆகியவை மோடம் மறுமுனையைத் தொடவே இல்லை என்பதைக் குறிக்கின்றன: முறையே எண் பிஸியாக இருக்கிறது, எவரும் எடுக்கவில்லை, டயல் டோன் இல்லை. அலுவலக பிஏபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) வழியாக அழைப்பவர்கள் வெளி இணைப்புக்கான எண்ணையும் அதன் பின்னே ஒரு காற்புள்ளியையும் சேர்த்தால் பெரும்பாலும் இது தீரும். அந்தக் காற்புள்ளி மோடத்தை வழக்கமாக இரண்டு வினாடி காத்திருக்கச் செய்கிறது. 718, 721 என்றால் மோடம்கள் பேசிவிட்டன, ஆனால் பிபிபி கேட்ட கேள்விக்கு மறுமுனை பதில் சொல்லவில்லை. 734 என்றால் பேச்சுவார்த்தை தொடங்கி, உடன்பாடு இல்லாமல் முறிந்துவிட்டது. இவற்றுள் 691 மட்டுமே உண்மையில் இரண்டாம் கட்டத்தின் மறுப்பு. 720 வந்தால் மகிழ்ச்சியடையலாம்: உங்கள் கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, முகவரி தரும் கட்டத்தில்தான் தகராறு, எனவே கணினியில் உள்ள டிசிபி/ஐபி அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். 619 மட்டும் பிடிகொடுக்காத எண். இணைப்பு மூடப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, அதற்குப் பதிவுக்கோப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

கம்பியில் கரகரப்பு இருப்பதால் கடவுச்சொல் கெட்டுப்போய் 691 வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நடப்பதில்லை. பிபிபி அனுப்பும் ஒவ்வொரு சட்டகத்தின் இறுதியிலும் பிழை கண்டறியும் எண் ஒன்று இருக்கிறது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் மறுமுனை அந்தச் சட்டகத்தைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். எனவே இரைச்சல் மிகுந்த கம்பி தவறான கடவுச்சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, எதையுமே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. பிபிபி வழக்கமாக மூன்று வினாடிக்கு ஒரு முறை, பத்து முறை வரை முயன்றுவிட்டுக் கைவிடும். அதனால் ஏறக்குறைய அரை நிமிடம் காத்திருந்து 718 வந்தால் கம்பியையும் மோடத்தையும் சந்தேகியுங்கள். ஓரிரு வினாடியில் 691 வந்தால் வழங்கி உங்களைக் கேட்டு, பார்த்து, வேண்டாமென்று சொல்லிவிட்டது. இருபது, முப்பது வினாடி கழித்து 691 வந்தால் அது வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

691 வந்தால் முதலில் செய்ய வேண்டியவை

பயனர்பெயரைப் பாருங்கள், கடவுச்சொல்லை அல்ல. பல சேவை நிறுவனங்கள் வெறும் பயனர்பெயரை ஏற்பதில்லை. அட் குறியும் நிறுவனத்தின் டொமைன் பெயரும் சேர்ந்த முழு வடிவத்தைக் கேட்கும். அழைப்பை ஏற்கும் கருவி பல நிறுவனங்களுக்குப் பொதுவானதாக இருந்தால், அந்தப் பின்னொட்டை வைத்துத்தான் எந்த நிறுவனத்தின் வழங்கியிடம் கேட்பது என்று அது தீர்மானிக்கிறது. வேறு சில நிறுவனங்களில் இதற்கு நேர்மாறாகப் பின்னொட்டு இருந்தாலே மறுப்பு வரும். விண்டோஸ் 98, இணைப்புச் சாளரத்தில் விண்டோஸுக்கான உங்கள் பெயரைத் தானாகவே நிரப்பி வைக்கும் பழக்கமுடையது. அதில் முதலெழுத்து பெரியதாக இருந்தால் அதுவே போதும் மறுப்புக்கு. எக்ஸ்பியில் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் உள்ள 'இன்க்ளூட் விண்டோஸ் லாகான் டொமைன்' என்ற பெட்டி குறியிடப்பட்டிருந்தால், உங்கள் பெயருக்கு முன்னால் அலுவலகப் பிணையத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு போகும். அதை எடுத்துவிடுங்கள். அதுபோலவே 98இல் சர்வர் டைப்ஸ் பக்கத்தில் உள்ள 'லாக் ஆன் டு நெட்வொர்க்' பெட்டியும் சேவை நிறுவன இணைப்புக்குத் தேவையில்லை. அதை நீக்கினால் இணைப்பும் சற்று விரைவாக முடியும்.

அடுத்து, கடவுச்சொல்லைக் கண்ணால் பார்த்து அடியுங்கள். நட்சத்திரக் குறிகளுக்குள் அடிக்கும்போது கேப்ஸ் லாக் இருந்ததா இல்லையா என்பது தெரியாது. நோட்பேடைத் திறந்து அதில் அடித்து, சரியாக இருக்கிறதென்று பார்த்த பிறகு நகலெடுத்து ஒட்டுவது பழைய வழக்கமென்றாலும் அதைவிட நல்ல வழி கிடையாது. பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய ஊரின் பிரௌசிங் சென்டரில் புதிய கணக்கொன்றைச் செயல்படுத்த ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இழந்திருக்கிறேன். சேவை நிறுவனம் தந்த உறையில் கடவுச்சொல் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிக்கப்பட்டு, கார்பன் தாளின் இரண்டாம் படியாக மங்கலாக இருந்தது. அதன் மூன்றாவது எழுத்தை ஒன்று என்ற இலக்கமாகப் படித்தோம். அது சிறிய எல். ஐந்தாவது எழுத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டோம், அது ஓ. நான்கு சேர்க்கைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக முயன்றிருந்தால் நான்கு அழைப்புகளில் முடிந்திருக்கும். நாங்களோ மோடத்தின் டிரைவரை இரண்டு முறை அழித்து நிறுவினோம். அச்சிட்ட தாளில் கடவுச்சொல் வந்திருந்தால் இந்த இரண்டு ஜோடிகளை முதலில் சந்தேகியுங்கள்.

சேமித்து வைத்த கடவுச்சொல்லே கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. விண்டோஸ் 98 அவற்றை விண்டோஸ் கோப்புறையில், பயனரின் பெயரோடு பிடபிள்யூஎல் என்ற விரிவுப்பெயர் கொண்ட கோப்பில் வைக்கிறது. அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் புதியது ஒன்று உருவாகும். சேமித்த மற்ற கடவுச்சொற்களும் போய்விடும் என்பதால் அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவது நல்லது. 'சேவ் பாஸ்வேர்ட்' பெட்டி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தால் அது பிழையன்று: விண்டோஸ் தொடங்கும்போது கேட்ட பெயர்ச் சாளரத்தை நீங்கள் கேன்சல் செய்திருக்கிறீர்கள் அல்லது 'கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்' நிறுவப்படவில்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் 691

இந்தக் கட்டுரை எழுதப்படுவதே முக்கியமாக இந்தப் பகுதிக்காகத்தான். சரிபார்ப்புக்கு இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. 'பேப்' முறையில் உங்கள் கணினி பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே, மறைப்பின்றி அனுப்புகிறது. 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1994 விளக்கும் 'சேப்' முறையில் கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை: வழங்கி ஒரு சவால் எண்ணை அனுப்புகிறது, உங்கள் கணினி அதையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எம்டி5 கணக்கின் மூலம் ஒரு விடையைத் தயாரித்து அனுப்புகிறது, வழங்கியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து ஒப்பிடுகிறது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-சேப் இதன் கிளைவடிவம்.

சேப் பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே கணக்கை வழங்கி போட வேண்டுமானால், அதனிடம் உங்கள் கடவுச்சொல் மூல வடிவில் இருந்தாக வேண்டும். யுனிக்ஸ் வழக்கப்படி கடவுச்சொற்களை மீட்க முடியாத சுருக்கமாக மட்டும் சேமித்து வைத்திருக்கும் வழங்கியால் சேப் விடையைச் சரிபார்க்கவே முடியாது. அப்படிப்பட்ட வழங்கி தவறுதலாகச் சேப் முறையைக் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், உலகிலேயே மிகச் சரியான கடவுச்சொல்லை நீங்கள் அடித்தாலும் ஒவ்வொரு முறையும் 691தான் வரும். வீட்டில் லினக்ஸ் வழங்கி அமைத்துப் பார்ப்பவர்கள் இந்தப் பொறியில் அடிக்கடி விழுகிறார்கள்.

சோதிப்பது எளிது. எக்ஸ்பியில் இணைப்பின் செக்யூரிட்டி பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி, பேப் என்ற ஒன்றை மட்டும் குறியிட்டு வையுங்கள். இணைப்பு கிடைத்துவிட்டால் கோளாறு வழங்கியின் பக்கம் என்பது உறுதி. பேப் முறையில் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகிறது என்பதால், அந்தக் கணக்குக்கென்று தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்வது நல்லது. அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைக்காதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வழங்கி பேப் மட்டுமே அறிந்ததாக இருந்து, உங்கள் கணினியில் 98இன் 'ரிக்வயர் என்க்ரிப்டட் பாஸ்வேர்ட்' பெட்டியோ எக்ஸ்பியின் 'ரிக்வயர் செக்யூர்டு பாஸ்வேர்ட்' தேர்வோ இருந்தால், எல்சிபி பேச்சுவார்த்தையிலேயே இரண்டும் முரண்பட்டு நிற்கும். அப்போது கடவுச்சொல் அனுப்பப்படுவதே இல்லை. எக்ஸ்பி பெரும்பாலும் 734 காட்டும். பெட்டியை நீக்கிவிட்டு, எக்ஸ்பியில் 'அலவ் அன்செக்யூர்டு பாஸ்வேர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 734க்கு இன்னொரு காரணமும் உண்டு: நெட்வொர்க்கிங் பக்கத்தின் செட்டிங்ஸில் ஒற்றைக் கம்பி இணைப்புக்கும் மல்டி-லிங்க் (பல கம்பிகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) பேசும்படி ஒரு பெட்டி இருக்கிறது, அதையும் எடுத்துவிட வேண்டும்.

கணக்கு தொடர்பான காரணங்களும் 691க்குள்ளேயே ஒளிந்துகொள்கின்றன. கடவுச்சொல் காலாவதியானது (648), கணக்கு முடக்கப்பட்டது (647), இந்த நேரத்தில் அனுமதி இல்லை (646) என்று தனித்தனி எண்கள் விண்டோஸில் இருந்தாலும், அவற்றை அனுப்பும் வசதி எம்எஸ்-சேப் பேசும் வழங்கிகளுக்குத்தான் உண்டு. பேப் அல்லது சாதாரண சேப் பேசும் வழங்கியிடமிருந்து விண்டோஸுக்குத் தெரிவது ஏற்பு அல்லது மறுப்பு மட்டுமே. எனவே மணிக்கணக்கில் வாங்கிய நேரம் தீர்ந்துபோனாலும், பணம் கட்டாமல் கணக்கு நிறுத்தப்பட்டிருந்தாலும், நீங்கள் காண்பது கடவுச்சொல் தவறு என்ற அதே வாசகம்.

இவற்றுள் மிகவும் எரிச்சலூட்டுவது பேய் இணைப்பு. சேவை நிறுவனங்கள் வழக்கமாக ரேடியஸ் என்னும் நெறிமுறையின் வழியே கணக்குகளைச் சரிபார்க்கின்றன: அழைப்பை ஏற்கும் கருவி உங்கள் விவரத்தை ரேடியஸ் வழங்கியிடம் அனுப்பி, ஏற்பா மறுப்பா என்று கேட்டுச் சொல்கிறது. ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் ஓர் இணைப்பு மட்டும் என்ற விதி இருந்து, உங்கள் முந்தைய இணைப்பு மின்வெட்டாலோ யாரோ இணைத் தொலைபேசியை எடுத்ததாலோ திடீரென அறுந்திருந்தால், அது முடிந்த செய்தி ரேடியஸ் வழங்கிக்குப் போய்ச் சேராமல் நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும். காலையில் வேலை செய்த கடவுச்சொல் மதியம் மறுக்கப்பட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு முயலுங்கள். அப்போதும் விடாவிட்டால் நிறுவனத்தை அழைத்து அந்த இணைப்பை அழிக்கச் சொல்லுங்கள்.

மேலே சொல்லாமல் விட்ட தாமதமான 691க்கும் ரேடியஸ்தான் காரணமாக இருக்கும். அழைப்பை ஏற்ற கருவி கேட்ட கேள்விக்கு ரேடியஸ் வழங்கி பதில் தராதபோது, சில கருவிகள் காத்திருந்து பார்த்துவிட்டு மறுப்பாகவே அதை முடித்துவிடுகின்றன. அது உங்கள் தவறன்று. கடவுச்சொல்லை மாற்றுவதால் குழப்பம்தான் கூடும்.

பதிவுக்கோப்பைப் படிப்பது

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் ஊகத்தை நிறுத்திவிட்டுப் பதிவுக்கோப்பைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 98இல் சர்வர் டைப்ஸ் பக்கத்தில் பதிவுக்கோப்பு எழுதச் சொல்லும் பெட்டியைக் குறியிட்டால், விண்டோஸ் கோப்புறையில் பிபிபிலாக் என்ற உரைக்கோப்பு உருவாகும். எக்ஸ்பியில் நெட்ஷ் கட்டளையின் ராஸ் பிரிவில் டிரேசிங்கை இயக்கினால், விண்டோஸ் கோப்புறைக்குள் டிரேசிங் என்ற துணைக்கோப்புறையில் பிபிபி பதிவு கிடைக்கும்.

பார்த்தவுடன் பதினாறடிமான எண்களாகக் கொட்டிக் கிடப்பதைக் கண்டு மிரள வேண்டாம். தேட வேண்டியது சில எண்களைத்தான். சி021 என்றிருந்தால் எல்சிபி, சி023 என்றால் பேப், சி223 என்றால் சேப், 8021 என்றால் முகவரிக் கட்டம். மறுமுனையிலிருந்து வந்த எல்சிபி கோரிக்கைக்குள் 03 04 சி0 23 என்ற வரிசை இருந்தால் வழங்கி பேப் கேட்கிறது. 03 05 சி2 23 05 என்றால் சாதாரண சேப். கடைசி எண் 80 அல்லது 81 ஆக இருந்தால் எம்எஸ்-சேப்பின் முதல் அல்லது இரண்டாம் பதிப்பு. சி021 மட்டுமே நீங்கள் அனுப்பியதாகத் திரும்பத் திரும்ப வந்து, மறுமுனையிலிருந்து ஒன்றுமே இல்லாவிட்டால், வழங்கி பிபிபி பேசவே தொடங்கவில்லை.

இந்தக் கடைசி நிலைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. சில வழங்கிகள் பிபிபியைத் தொடங்கும் முன் எழுத்து வடிவில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். 98இல் மோடத்தின் கான்ஃபிகர் பொத்தானை அழுத்தி, ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அழைத்த பிறகு டெர்மினல் சாளரத்தைக் காட்டும் பெட்டியைக் குறியிட்டு அழைத்துப் பாருங்கள். கறுப்புச் சாளரத்தில் லாகின் என்ற கேள்வி வந்தால் கையால் அடித்து, பிறகு எஃப்7 விசையை அழுத்தித் தொடரலாம். அதற்குப் பதிலாக அலைக்குறிகளும் நெளி அடைப்புக்குறிகளும் கலந்த குப்பை எழுத்துகள் சில வினாடிக்கு ஒருமுறை வந்து விழுந்தால் பதற வேண்டாம். அதுதான் எல்சிபி, வழங்கி ஏற்கெனவே பிபிபி பேசிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கு டெர்மினல் தேவையில்லை. கையால் அடிக்கும் இந்த முறையில் மட்டும், மோடம்களுக்கிடையே பிழைதிருத்தம் இயங்காவிட்டால், இரைச்சல் உண்மையாகவே கடவுச்சொல்லைக் கெடுக்கக்கூடும்.

லினக்ஸில்

லினக்ஸில் பிபிபி இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலுக்கு டீபக் தேர்வைக் கொடுத்தால் பேச்சுவார்த்தை முழுவதும் சிஸ்டம் பதிவில் படிக்கும் வடிவிலேயே வரும். அது 19 என்ற வெளியேற்ற எண்ணோடு முடிந்தால் வழங்கி நம்மை ஏற்கவில்லை என்று பொருள். 11 என்றால் நிலைமை தலைகீழ்: நம் கணினி வழங்கியின் அடையாளத்தைக் கேட்டிருக்கிறது. எந்தச் சேவை நிறுவனமும் வாடிக்கையாளரிடம் தன்னை நிரூபித்துக்கொள்ளாது என்பதால் நோஆத் தேர்வைச் சேர்த்துவிடுங்கள். யூசர் தேர்வில் உள்ள பெயரும், கடவுச்சொற்கள் இருக்கும் பேப்-சீக்ரெட்ஸ் கோப்பின் முதல் பத்தியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லில் இடைவெளியோ ஹேஷ் குறியோ இருந்தால் இரட்டை மேற்கோள்களுக்குள் இடுங்கள். கோப்பின் அனுமதி 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிவதாக, இருக்கட்டும். வழங்கி சேப் கேட்டு மறுத்தால் ரெஃப்யூஸ்-சேப் தேர்வு அதைப் பேப்புக்கு இறக்கும். விவ்டயல் என்னும் அழைப்பு நிரலைப் பயன்படுத்துவோர், அது லாகின் கேள்விக்காகக் காத்துக்கொண்டே நின்றால், அமைப்புக்கோப்பில் 'ஸ்டூப்பிட் மோட்' என்பதை 1 ஆக்குங்கள். பெயர் கேலியாக இருந்தாலும், இணைந்தவுடன் பிபிபியைத் தொடங்கச் செய்யும் அந்த ஒரு வரி பல மாலைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

நிறுவனத்தை அழைக்க வேண்டி வந்தால், எந்த எண்ணிலிருந்து அழைத்தீர்கள், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு முயன்றீர்கள், பிழை எண் என்ன, எத்தனை வினாடியில் வந்தது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். 'கடவுச்சொல் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் புதுக் கடவுச்சொல் தருவார்கள், அதோடு சரி. அதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் ரேடியஸ் பதிவில் உங்கள் அழைப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வரவே இல்லையென்றால் கோளாறு முதற்கட்டத்தில். வந்திருந்தால், அவர்களுக்கு வந்து சேர்ந்த பயனர்பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லி, நீங்கள் அடித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறுதியில் ஒரு வெற்றிடம் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.